வேலிக்குள் பார்த்தது மட்டும்

லோஸ் சௌசேஸ்
4 டிசம்பர் 1988

என் அன்புத் தம்பி வில்மாருக்கு,

அக்கா தெல்வா எழுதுகிறேன். நான் நலம், கோழிகள் நலம், கூரைத் தகரம் மட்டும் கொஞ்சம் நலமில்லை. நீயும் உன் வீட்டுக்காரி இங்கெரும் மகள் குட்டி லினேயாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஸ்வீடனில் இப்போது பனி கொட்டும். பூமியின் இந்தத் தென்கோடியில் கோடை வந்துவிட்டது. அதனால், முற்றத்துக்கு வருகிற உயிர்களையெல்லாம் சின்ன வயதிலிருந்து நாம் குறித்து வைக்கிற அந்த நோட்டைத் திறந்துவிட்டேன்.

முதல் மின்மினி நவம்பர் 19, கிணற்றுப் பக்கம். முதல் தேரை அதற்கு மறுநாள், யாரோ விருந்துக்குக் கூப்பிட்டது மாதிரி சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. கும்பிடுபூச்சி தக்காளிச் செடியில். பக்கத்து வீட்டு செல்மிராவின் பிள்ளைகள் ஓடி வந்து அதைச் சுற்றி நின்றுகொண்டு, "கடவுள் எங்க இருக்காரு? காட்டு, காட்டு!" என்று கத்தினார்கள். நாமும் இப்படித்தானே கத்துவோம். அது வழக்கம்போல் ஒரு காலைத் தூக்கி மேலே காட்டியது. சின்னவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல தகரந்தான இருக்கு" என்றாள். அவள் பிழைத்துக்கொள்வாள்.

இந்த வருடம் புதிதாக ஓர் உடும்பு வந்திருக்கிறது. என் கை நீளம், என் இடுப்புப் பருமன். காலையில் கோழிமுட்டையைக் குடித்துவிட்டு மதியம் முழுக்க வாசலில் வெயில் காய்கிறது. செனட்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். துடைப்பத்தோடு துரத்தினால் நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது, "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்கிற மாதிரி.

நம் அடுப்புக்காரக் குருவி அடுப்பு மாதிரியான தன் மண்கூட்டை இந்தத் தடவை வாசல் கம்பத்தின் உச்சியில் கட்டுகிறான். பாதி அடுப்பு எழும்பிவிட்டது. நேற்று பெய்த மழையில் மண் வெண்ணெய் மாதிரி குழைந்து கிடக்கிறது. ஆனால் இன்று ஞாயிறு. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் கம்பியில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார்கள். பாதிரியார்கூட ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறார், இவன் மாட்டான். அப்பா சொல்வார் இல்லையா, "ஞாயித்துக்கெழம இவன் மண்ணு சொமந்தா ஒலகம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று? முப்பது வருடமாகக் கண் வைத்திருக்கிறேன், ஒரு ஞாயிறுகூடக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. பிடித்தால் உனக்குத் தந்தி அடிப்பேன்.

இந்த ஜனவரியில் வருகிறாயா? நீ போய் ஒன்பது வருடம். அப்பா போய் இரண்டு வருடம். அதற்கு மேல் எழுதினால் சண்டை வரும், நிறுத்துகிறேன். வந்தால் நோட்டில் உன் கையெழுத்தும் ஏறும். அவ்வளவுதான் சொல்வேன்.

உன் அக்கா
தெல்வா

*

கோத்தன்பர்க்
17 டிசம்பர் 1988

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை டிராம் பணிமனையில், சாப்பாட்டு நேரத்தில், மூன்று தடவை படித்தேன். தாளில் வழக்கம்போல நீ குடிக்கிற மாத்தே டீயின் கறை. முகர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவன் நான் காதல் கடிதம் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆனாலும் என் பட்டியலையும் கேள். குளியலறையில் ஒரு சிலந்தி, எட்டுக் காலும் சரியாக இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். டிராம் தண்டவாளத்தில் ஒரு நரி. லினேயாவின் பள்ளிக்கூடப் பைக்குள் உயிரோடு ஒரு நத்தை, அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லையாம். இது மூன்றையும் நோட்டில் ஏற்று. நம் சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் வேலியே இல்லாத ஊரில் குடியிருக்கிறவனுக்குக் கொஞ்சம் சலுகை காட்டக் கூடாதா?

அக்கா, இந்த ஜனவரியில் முடியாது. பணிமனையில் ஆள் குறைவு, லினேயாவுக்குப் பள்ளிக்கூடம். அடுத்த வருடம் கட்டாயம் வருவேன். இதைப் படிக்கும்போது உன் வாய் கோணுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நான் சொல்வதை நம்பு.

செனட்டரைத் துடைப்பத்தால் அடிக்காதே. முட்டை போனால் போகிறது.

உன் தம்பி
வில்மார்

*

லோஸ் சௌசேஸ்
29 டிசம்பர் 1988

வில்மார்,

வாய் கோணவில்லை. நேராகத்தான் இருக்கிறது. அடுத்த வருடம் என்றால் அடுத்த வருடம்.

சிலந்தி செல்லாது. நரி செல்லாது. நத்தையும் செல்லாது. வேலிக்குள் நின்று பார்த்தது மட்டும்தான் நோட்டில் ஏறும். நான் பத்து வயதிலும் நீ ஏழு வயதிலும் எச்சில் துப்பிச் சத்தியம் செய்தோம். நீ ஸ்வீடனுக்குப் போனாய் என்பதற்காகச் சட்டம் உன் பின்னாலேயே வராது.

சில்வண்டுகள் கிறிஸ்துமஸ் அன்று சரியாகத் தொடங்கின, காது போய்விட்டது. இருபத்தேழாம் தேதி தட்டான்கள் வந்தன. ஒன்று இரண்டு இல்லை, முற்றம் முழுக்க, துணிக்கொடி முழுக்க, தாழத் தாழப் பறந்தன. "செல்மிரா, துணிய எடு!" என்று நான் கத்தவும் இடி இடிக்கவும் சரியாக இருந்தது. அப்படி ஒரு மழை. மழை வந்தால் மாவைப் பொரிக்காமல் இருக்க முடியுமா? பொரித்தேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நாற்பது. காற்றில் அடுப்புக்காரனின் வீடு பாதி சரிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் மறுபடி அஸ்திவாரத்தில் நின்றார்கள். ஒரு புலம்பலும் இல்லை. பார்த்து வெட்கமாக இருந்தது எனக்கு.

கோழிக்கூட்டுப் பக்கம் முட்டை திருடுகிற அந்தச் சுருட்டைவால் ஒப்போசக் கள்ளியும் வந்தாள், முதுகில் ஏழு குட்டிகள். மூன்றாவது குட்டி தொங்கிக்கொண்டே போனது. கல் எடுத்தவள் கீழே போட்டுவிட்டேன். ஏழு பிள்ளைகளைச் சுமக்கிறவளை யார் அடிப்பது?

ஜனவரியில் ஒரு வாரம் தலைநகருக்கு, மோந்தேவிதேயோ போகலாம் என்றிருக்கிறேன். கடைவாய்ப்பல் படுத்துகிறது. செல்மிராவின் வீட்டுக்காரர் வால்தெமார் ஓட்டுகிற பஸ்ஸில்தான் போகிறேன், அதனால் கவலை இல்லை. அடுத்த கடிதம் தாமதமானால் தபால்காரனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

லினேயாவுக்கு முத்தம். இங்கெருக்கும் ஒன்று, அவளுக்குப் பிடிக்காவிட்டாலும்.

தெல்வா

*

மோந்தேவிதேயோ, பொது மருத்துவமனை
11 ஜனவரி 1989

என் வில்மார்,

இதை நான் அனுப்பப் போவதில்லை. மதியம் மூன்று மணி, வார்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பல் இல்லை. இடது மார்பில் ஒரு கட்டி, கொண்டைக்கடலை அளவு. நவம்பரில் குளிக்கும்போது கையில் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அங்கேதான் தொடங்கியது, அதே பக்கம், அதே அளவு. செல்மிரா ஒருநாள் நான் கை தூக்கித் துணி காயப்போடுவதைப் பார்த்துவிட்டு, "தெல்வா, நீ ஏன் அந்தக் கையப் பத்திரமா வெச்சிருக்க?" என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக் காலை எடுக்கிறார்கள். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை இங்கேயே செல்மிராவின் நாத்தனார் வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். ஊரில் எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறேன், உனக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது என்று.

ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன், எப்படியும் நீ படிக்கப் போவதில்லை. அப்பா இறந்தபோது உனக்குத் தந்தி அடித்துவிட்டு வாசலில் நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். மறுநாளே அடக்கம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? உனக்காக அடக்கத்தை நிறுத்தி வைக்கவில்லை. நீ தாமதமாக வந்தாலும் வருவாய் என்று உட்கார்ந்திருந்தேன். பூ வந்தது. வெள்ளைப் பூ, ரிப்பனில் உன் பெயர். நீ வரவில்லை.

இப்போது நான் சொல்லி, நீ மறுபடியும் பூ அனுப்பினால், அதைத் தாங்க என்னால் முடியாது. கட்டியைத் தாங்கிவிடுவேன். அதைத் தாங்க மாட்டேன்.

ஜன்னலில் ஒரு புறா. எனக்கு இங்கே வேலி இல்லை, அதனால் செல்லாது.

பயமாக இருக்கிறதடா.

*

லோஸ் சௌசேஸ்
15 ஜனவரி 1989

அன்புள்ள வில்மார்,

பல் பிடுங்கியாயிற்று. வீடு வந்து சேர்ந்தேன். எல்லாம் நலம்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு, பரிசு கொண்டுவருகிற ராஜாக்களின் ஒட்டகங்களுக்கு என்று செல்மிராவின் பிள்ளைகள் வாசலில் புல்லும் ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் சட்டிக்குள் தேரை. "ஒட்டகம் சின்னதாத்தான் அனுப்பியிருக்காங்க இந்த வருஷம்" என்றாளாம் சின்னவள்.

மின்மினி நிறைய. செனட்டர் சுகம். அடுப்புக்காரன் இன்று காலையிலிருந்து மண் சுமக்கிறான், வீடு முடியப்போகிறது. தட்டான் இரண்டு. வெயில் அதிகம், நீளமாக எழுத முடியவில்லை.

அன்புடன்
தெல்வா

*

கோத்தன்பர்க்
28 ஜனவரி 1989

அக்கா,

நீ எங்கே இருக்கிறாய்?

உன் பதினைந்தாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று உறுத்தியது. பணிமனைச் சுவரில் நாள்காட்டி தொங்குகிறது, போய்ப் பார்த்தேன். ஜனவரி 15 ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்காரன் காலையிலிருந்து மண் சுமந்தானா? சுமந்திருக்கலாம், குருவிக்கு என்ன தெரியும் என்று இங்கெர் சொல்கிறாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. நீ அதை உண்மையாகவே பார்த்திருந்தால் கடிதத்தில் வேறு எதுவுமே இருந்திருக்காது. செல்மிராவை இழுத்து வந்து காட்டியிருப்பாய், பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பாய், எனக்குத் தந்தி அடித்திருப்பாய். முப்பது வருடம் காத்திருந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தட்டானுக்குப் போகிற ஆளா நீ? அதை எழுதியபோது உனக்கு அன்று என்ன கிழமை என்றே தெரிந்திருக்கவில்லை. நீ முற்றத்தில் இல்லை. தாளில் மாத்தே கறைகூட இல்லை.

அதனால் ஊர்த் தபால் நிலையத் தொலைபேசிக்குப் போட்டேன். பெபா அம்மாதான் எடுத்தாள்.

"அலோ, நான் வில்மார் பேசறேன்."

"எந்த வில்மாரு?"

"தெல்வாவோட தம்பி. ஸ்வீடன்லேர்ந்து."

"அடடே, ஐரோப்பாவா! பக்கத்துத் தெருவுல நின்னு பேசற மாதிரில்ல கேக்குது! நீ குண்டாயிட்டியாமே?"

"அக்காவக் கூட்டிட்டு வர ஆள் அனுப்புங்கம்மா."

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தெல்வா ஊர்ல இல்லியேப்பா. மோந்தேவிதேயோல ஒங்க அத்த மகளப் பாக்கப் போயிருக்கா."

"எங்களுக்கு அத்தையே கெடையாது."

"அப்பன்னா சித்தி மக."

"பெபா அம்மா!"

"லைன் சரியில்ல கண்ணு. ஒண்ணுமே கேக்கல."

"இவ்ளோ நேரம் நல்லாத்தான கேட்டுச்சு?"

வைத்துவிட்டாள்.

ஆள்காட்டிக் குருவி கத்துவது ஒரு பக்கம், முட்டை இருப்பது இன்னொரு பக்கம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ எனக்கு மின்மினி, தேரை, தட்டான் என்று கத்துகிறாய். முட்டை எங்கே இருக்கிறது அக்கா? நேற்று ராத்திரி முழுக்க உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். "பார்த்து வெட்கமாக இருந்தது எனக்கு" என்று எழுதியிருக்கிறாய். குருவி அழாமல் வீடு கட்டினால் நீ ஏன் வெட்கப்பட வேண்டும்? நீ எதற்காக அழுதாய்?

நோய் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்கு வந்ததுதானா என்று சொல்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நான் வரவில்லை. இதை இதுவரை உனக்கு எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன். தந்தி வந்த அன்று பெட்டி கட்டினேன். விமான நிலையம் வரைக்கும் போனேன். அங்கே உட்கார்ந்து யோசித்தேன். நான் போய்ச் சேரும்போது அப்பா மண்ணுக்குள் இருப்பார். நீ மட்டும் வாசலில் நிற்பாய். ஏழு வருடமாக ஏன் வரவில்லை என்று நீ கேட்க மாட்டாய், பார்ப்பாய். அந்தப் பார்வைக்குப் பயந்துபோய்ப் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். வழியில் பூக்கடை இருந்தது. வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதியது பொய். நான் கோழை, அக்கா. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதைப் படித்ததும் உண்மையைத் தந்தியாக அடி. பிப்ரவரி பதினைந்துக்குள் வரவில்லை என்றால் நான் கிளம்பிவிடுவேன்.

வில்மார்

*

லோஸ் சௌசேஸ்
9 பிப்ரவரி 1989

என் செல்லத் தம்பி,

தந்தி கிடைத்திருக்கும்: "கட்டி நல்ல கட்டி. கடிதம் பின்னால்." பெபா அம்மா அதை வார்த்தை வார்த்தையாக எண்ணி, உரக்கப் படித்து, அனுப்புவதற்கு முன்னாலேயே தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். ரொட்டிக்கடையில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல கட்டியாமே, வாழ்த்துக்கள்!" என்றார். எனக்குப் பிள்ளை பிறந்த மாதிரி!

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பக் கூடாது என்று எழுதிய ஒரு கடிதத்தையும் கூடவே வைக்கிறேன். முதலில் அதைப் படி, பிறகு இதற்கு வா.

படித்தாயா? சரி.

முந்தாநாள் முடிவு வந்தது. டாக்டர் சின்னப் பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கெட்டது எதுவும் இல்லம்மா. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றான். நான், "திருப்பிப் படிங்க" என்றேன். படித்தான். "இன்னொரு தடவ" என்றேன். மூன்றாவது தடவை அவனே சிரித்துவிட்டு, "வேணும்னா கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டா?" என்றான். "குடுங்க" என்றேன். வாங்கிக்கொண்டுதான் வந்தேன், இதோ நோட்டுக்குள் இருக்கிறது. மூன்றரை வாரம் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், முந்தாநாள் எழுந்து போய்விட்டார்கள். மூச்சு இத்தனை ஆழமாகப் போகும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

பஸ்ஸில் வால்தெமார் என்னைத் தனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார வைத்தான். ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் ஹாரனை அமுக்கினான், பாலம் முடிகிறவரை கையை எடுக்கவில்லை. பயணிகள் திட்டினார்கள். "எங்க ஊருக்காரி பொழச்சு வர்றா, நீங்க காதப் பொத்திக்குங்க!" என்றான்.

வீடு வந்தேன். வாசல் கதவைத் திறந்தால் செனட்டர் நடுமுற்றத்தில். துடைப்பத்தைத் தேடக்கூட இல்லை. "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அது நகரவில்லை, நானும் நகரவில்லை. தட்டான்கள் துணிக்கொடியில், துணியே இல்லாத கொடியில், வரிசையாக உட்கார்ந்திருந்தன. தக்காளிச் செடியில் கும்பிடுபூச்சி, இந்தக் கோடையில் ஒரு சாண் வளர்ந்திருக்கும். கடவுள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே காட்டியது. பொழுது சாய்ந்ததும் கிணற்றடியில் ஒரு மின்மினி, பிறகு மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. அப்போதுதான் அழுதேன். மூன்று மாதத்து அழுகை, வில்மார். செல்மிரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அழுது முடிச்சுட்டுச் சாப்பிட வா, ஆறிடும்" என்றாள்.

நோட்டை எடுத்து ஜனவரிப் பக்கத்தில் குறுக்காகக் கோடு போட்டுவிட்டேன். அதில் இருந்ததெல்லாம் செல்மிரா சொன்னதும் நான் இட்டுக்கட்டியதும். வேலிக்குள் நான் இல்லை, அதனால் எதுவும் செல்லாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைக் கேள்: அங்கே வார்டில் எல்லா நாளும் ஒரே மாதிரி. நர்சிடம் தேதி கேட்டேன், பதினைந்து என்றாள். கிழமை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யார் கண்ணுக்கும் தப்பியிருக்கும், உன்னிடம் மாட்டிக்கொண்டேன். படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். நான் பொய் சொல்கிறேன் என்று உலகத்தின் அந்தக் கோடியில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க ஒருவன் இருக்கிறான்.

அப்பா விஷயம். விமான நிலையம் வரைக்கும் வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதை இரண்டு வருடம் உள்ளேயே வைத்திருந்தாயா? கழுதை. நான் உன்னை அப்படிப் பார்த்திருப்பேன்தான், அது உண்மை. ஒருநாள் பார்த்திருப்பேன். மறுநாள் சோறு போட்டிருப்பேன். ஒருநாள் பார்வைக்குப் பயந்து இரண்டு வருடம் விட்டுவிட்டாயே.

கோபம் போய்விட்டது என்று எழுதலாம் என்று பார்த்தேன். பாதிதான் போயிருக்கிறது. மீதி தானாகப் போகும்.

இப்போது நீ வராதே. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பயந்து டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. இங்கே சாவு இல்லை, நோயும் இல்லை. வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. உடும்பைப் பார்க்கவும் தட்டானைப் பார்க்கவும் யாராவது கடல் தாண்டி வருவார்களா? உன் வேலையைப் பார், லினேயாவின் படிப்பைப் பார். அடுத்த வருடம் என்றாய், அடுத்த வருடம் பார்க்கலாம். நான் இருப்பேன். இந்த வார்த்தையை இவ்வளவு தைரியமாக எழுதி எத்தனை நாளாயிற்று! இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்: நான் இருப்பேன்.

ஆயிரம் முத்தங்களோடு
தெல்வா

பின்குறிப்பு: தாளில் இருப்பது மாத்தே கறைதான். வேண்டுமென்றே ஊற்றினேன்.

*

(சமையலறை மேஜை, சர்க்கரை டப்பாவுக்குக் கீழே)

26 பிப்ரவரி, பகல் பதினொன்றரை

அக்கா,

வாசலில் பெரிய ஷூவைப் பார்த்துவிட்டுக் கத்தாதே. அது என்னுடையது. திருடன் இல்லை.

சாவி இன்னும் அதே ஜெரேனியம் தொட்டிக்குக் கீழேதான் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் ஒருவனுமா திருட வரவில்லை? நீ செல்மிராவோடு பூசைக்குப் போயிருக்கிறாய், அதன் பிறகு அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாய் என்று வால்தெமார் சொன்னான். போய்க் கூப்பிடட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். பாலத்தில் எனக்கும் ஹாரன் அடித்தான்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இங்கெருக்கு மொழிபெயர்த்துப் படித்தேன். வருவதற்கு ஒரு காரணமும் இல்லை என்ற இடம் வந்ததும் அவள், "அப்ப இப்பதான் நீ போகணும்" என்றாள். காரணம் இருந்தபோது வராதவன் நான். அதனால் காரணம் இல்லாதபோது வந்திருக்கிறேன். இரண்டு வாரம் இருப்பேன். டிசம்பரில் மூன்று பேருமாக வருகிறோம், லினேயா நத்தையைக் கொண்டுவரலாமா என்று கேட்கிறாள்.

நீ என்னைப் பார்க்கப்போகிற அந்தப் பார்வையைப் பார். ஒருநாள் என்று எழுதியிருக்கிறாய், இன்றைய நாளை எடுத்துக்கொள். நாளைக்குச் சோறு போடு.

ஒன்றரை நாள் பயணம். கண் சொருகுகிறது, பின்னறையில் தூங்குகிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து மாத்தே போட்டுவிட்டு எழுப்பு.

தூங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். நோட்டு அலமாரியில் இருந்தது. எடுத்து நானே எழுதிவிட்டேன், சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்:

26 பிப்ரவரி, ஞாயிறு. தட்டான், பதினான்கு. செனட்டர், ஒன்று, முட்டை வாயோடு. அடுப்புக்காரன், கம்பியில் சும்மா உட்கார்ந்திருந்தான், மண் சுமக்கவில்லை. தம்பி, ஒன்று. எல்லாம் வேலிக்குள்.

வில்மார்